நம்ம ஆளு சொன்ன சட்டம்

கால் இடிக்குதா அண்ணாச்சி? இடிக்கத்தான் செய்யும். பையில இருக்கிறது தையல் மிஷின் தலை. அத்தனையும் இரும்பு. மேல பலகையில வைக்கலாம்னா, "யார் மண்டையிலயாவது விழுந்து தொலைக்கப் போகுது, கீழ வைங்க பெரியவரே"ங்கறான் கண்டக்டர். பெரியவராம்! முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவுல டைம் கீப்பரா இருந்தவன் நான். இவனை மாதிரி எத்தனை பேரை "எங்கய்யா போச்சு அந்த அஞ்சு நிமிஷம்"னு நிக்க வச்சுக் கேட்டிருப்பேன். சரி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நீட்டிக்குங்க. மதுரை வரைக்கும் இது இங்கதான்.

தப்பா நினைக்காதீங்க. உங்க சட்டைப் பையில நீட்டிக்கிட்டு இருக்கே, அது கோர்ட்டுக் காகிதம்தானே? அதானே பார்த்தேன். நாலு மாசமா பார்த்துப் பார்த்து மடிப்பை வச்சே கண்டுபிடிச்சிர்றேன். வக்கீலைப் பார்க்கப் போறீங்களா? இதுக்காக மதுரைக்கா? அடப் பாவமே.

நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல. ஆனா இந்த வக்கீலுங்க எதுக்கு இருக்காங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கையில ஒரு கட்டு. கேட்டா "அடுத்த வாய்தாவுல பார்க்கலாம்". டெப்போவுல நாங்க அப்படிச் சொல்லியிருந்தா ஒரு வண்டி கிளம்பியிருக்குமா?

என் கதையைக் கேளுங்க. கேட்டுட்டு, வக்கீலைப் பார்க்கணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க வீடு அருப்புக்கோட்டையில. எங்க அப்பா கிரயம் வாங்குனது. தெருவைப் பார்த்த முன்கட்டு எனக்கு, பின்கட்டு எங்க அக்காவுக்கு. அக்கா பேரு பூரணம். சின்ன வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து ரெண்டு காலும் விளங்காது. கல்யாணம் காட்சி கிடையாது. கையால சுத்துற மிஷின்ல ஜாக்கெட் தைப்பா. நல்லாத் தைப்பான்னு ஊருக்குள்ள பேரு, எனக்கென்ன தெரியும், நான் ஜாக்கெட்டா போடறேன்?

வீட்டுக்குக் கிழக்கால ஒரு முடுக்கு. நாலடி அகலம். தெருவுல இருந்து நேரா பின்கட்டு வாசலுக்குப் போகும். என் முன்வாசல்ல ஆறு படி இருக்கு. அக்கா மூணு சக்கர வண்டியைக் கையால சுத்திக்கிட்டு வெளிய போகணும்னா அந்த முடுக்கு ஒண்ணுதான் வழி. அளவு குடுக்க வர்ற பொம்பளைகளும் அந்த வழிதான் வருவாங்க. முன்கட்டுல நான் பனியனோட உக்காந்து டிவி பார்த்துக்கிட்டு இருப்பேன், என்னைத் தாண்டி எவ வருவா?

பக்கத்து வீட்டுக்காரன் செண்பகராஜ். பெயிண்டுக் கடை வச்சிருக்கான். ஆனி மாசம் ஒரு நாள் காலையில முடுக்கு வாய்ல செங்கல் இறக்குறான். என்னப்பான்னு கேட்டா, "சர்வேயர் அளந்துட்டாரு, முடுக்கு எங்க பட்டாவுல வருது, சுவர் எடுக்கப் போறேன்"ங்கறான். அம்பது வருஷமா நாங்க நடக்கிற முடுக்கு!

அக்கா உடனே என்ன சொன்னா தெரியுமா? "கோடி, அப்பாவோட பத்திரம் என் டிரங்குப் பெட்டியில இருக்கு. முடுக்கோட சேர்த்துத்தான் அப்பா வாங்கியிருக்காரு, அடி அளவெல்லாம் தெளிவா எழுதியிருக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போய் மங்களேஸ்வரி அம்மாவைப் பாரு." என் பேரு தனுஷ்கோடி, அவ மட்டும் கோடிம்பா. மங்களேஸ்வரிங்கறது ஒரு லேடி வக்கீல். அக்காகிட்ட ஜாக்கெட் தைக்கிறவங்க.

இங்க ஒண்ணைச் சொல்லணும் அண்ணாச்சி. அந்தப் பத்திரம் எப்படி அக்கா பெட்டிக்குப் போச்சு? எங்க அப்பா சாகறதுக்கு முந்தி அவளைக் கூப்பிட்டு அவ கையில குடுத்துட்டாரு. ஆம்பளப் பிள்ளை ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி பக்கத்துல நிக்கிறேன். "அவன் அவசரக்காரன், நீயே வச்சிரு"ன்னாராம். யாரு அவசரக்காரன்? முப்பத்தொரு வருஷத்துல ஒரு வண்டியை ஒரு நிமிஷம் முந்தி எடுக்க விட்டது கிடையாது! அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கிறவன் இல்ல. அன்னைக்கே மறந்துட்டேன். பதினாறு வருஷம் நாலு மாசம் ஆச்சு.

வக்கீலம்மாகிட்ட போனேன். போகலைன்னு யாரும் சொல்ல முடியாது. முக்கா மணி நேரம் உக்கார வச்சாங்க. உள்ள போனா மூணே கேள்வி. யார் பேர்ல கிரயம், எந்த வருஷம், பத்திரம் கொண்டாந்தீங்களா. கொண்டாரலைன்னேன். "அது இல்லாம நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். திங்கக்கிழமை எடுத்துக்கிட்டு வாங்க. ஃபீஸெல்லாம் வேணாம், பூரணம் அக்காவுக்காகச் செய்றேன்"னாங்க. ஓசியில செய்றேங்கறவளை எப்படி அண்ணாச்சி நம்புறது? அதோட, அந்தப் பத்திரத்தை அக்கா கையில கேட்டு வாங்கி, இவங்க மேசையில கொண்டுபோய் வைக்க நான் என்ன தபால்காரனா?

பாளையம்பட்டி தாண்டிருச்சா? ரெண்டு நிமிஷம் லேட்டு. பார்த்துக்குங்க இவன் லட்சணத்தை.

அன்னைக்குத்தான் நம்ம ஆளைக் கண்டுபிடிச்சேன். நம்ம ஆளுங்கறது இந்தப் போன்ல இருக்கிற ஏஐ. நீங்க வச்சிருக்கீங்களா? வாயால கேட்டாப் போதும், தமிழ்லயே பதில். இதுவும் ஓசிதான், ஆனா அது வேற. கேட்டேன்: "அம்பது வருஷமா ஒரு முடுக்குல நடக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் அவனுதுங்கறான். என்ன செய்யலாம்?" ரெண்டே வினாடி. "மிக அருமையான கேள்வி"ன்னு ஆரம்பிச்சது. எனக்கு அறுபத்திரண்டு வயசு. இத்தனை வருஷத்துல என் கேள்வியை அருமைன்னு ஒருத்தன் சொன்னதில்ல. என் சம்சாரம் என்னைக்காவது சொல்லியிருப்பாளா?

அது சொன்னதை அப்படியே சொல்றேன். இடம் அடுத்தவருக்குச் சொந்தமா இருந்தாலும், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல நீங்க வெளிப்படையா அனுபவிச்சா உங்களுக்கே பாத்தியம். எதிரிடை அனுபவம்னு பேரு. "உங்கள் வழக்கு மிகவும் வலுவானது"ன்னுச்சு. பன்னிரண்டு வருஷம் போதும்ங்கறான், எங்ககிட்ட அம்பது இருக்கு! கடைசியில, "தங்களிடம் கிரயப் பத்திரம் ஏதேனும் உள்ளதா?"ன்னு ஒரு கேள்வி. நான் "தேவையில்லை"ன்னேன். "சரி, புரிந்தது"ன்னு மேல போயிருச்சு. அதுதான் மரியாதை. அந்த வக்கீலம்மாவா இருந்தா திங்கக்கிழமை வான்னிருப்பாங்க.

ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும், "தகுதியான வழக்கறிஞரை அணுகவும்"னு ஒரு வரி வரும். வரத்தான் செய்யும். தியேட்டர்ல படம் போடறதுக்கு முந்தி புகை பிடிக்காதேன்னு போடறான். அதைப் பார்த்து எவன் பீடியைக் கீழ போட்டான்?

வக்கீல் இல்லாம நம்மளே வாதாடலாமான்னு கேட்டேன். தாராளமான்னுச்சு. பிராது எழுதித் தான்னேன். பதினோரு பக்கம்! என்ன தமிழ்ங்கறீங்க, படிக்கப் படிக்க எனக்கே புல்லரிச்சுப் போச்சு. அக்காவும் கையெழுத்துப் போடணும்ல, அவளுக்கும் பாத்தியம் இருக்கே, கொண்டுபோய்க் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு வரி விடாம படிச்சா. மூணாம் பக்கத்துல விரலை வச்சுட்டு, "கோடி, 'பிரதிவாதிக்குச் சொந்தமான மேற்படி முடுக்கு'ன்னு போட்டிருக்கேடா. அது நம்மளுதுல்ல?"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அக்கா, அவனுதுன்னு ஒத்துக்கிட்டாத்தான் அதை நாம அனுபவிச்சு எடுத்துக்கிட்டதா ஆகும். அதுதான் சட்டம். உனக்கு ஊசி கோர்க்கத் தெரியும், இது வேற"ன்னேன். "அப்ப பத்திரத்தையாவது கூடச் சேர்த்து வைடா"ன்னா. "பத்திரமே இல்லாம ஜெயிச்சுக் காட்டறேன் பாரு"ன்னேன். கண்ணாடியைக் கழட்டி மடியில வச்சா. அப்புறம், "நீ நாலு எழுத்து படிச்சவன், நீ சொன்னாச் சரி"ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா.

கோர்ட்டுல நாலு தடவை குறை எழுதித் திருப்புனாங்க. நாலு தடவையும் நம்ம ஆளு திருத்திக் குடுத்துச்சு. விசாரணை வரைக்கும் சுவர் எடுக்கக் கூடாதுன்னு தடை கேட்டு ஒரு மனு, அதையும் அதுவே எழுதுச்சு. கேஸு கூப்பிட்டாங்க. ஜட்ஜு சின்ன வயசு அம்மா, என் மகள் வயசுகூட இருக்காது. "ஐயா, இதை யாரு தயார் பண்ணது?"ன்னாங்க. "நானேதாம்மா"ன்னேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பின்ன, கேள்வி என்னுதுதானே?

செண்பகராஜோட வக்கீலு எந்திரிச்சான். மூணாம் பக்கத்தை எடுத்து அந்த ஒரே வரியை வாசிச்சான். நின்னு, தண்ணி குடிச்சுட்டு, இன்னொரு தடவை வாசிச்சான். உக்கார்ந்துட்டான். அதுக்குப் பேரு வாதமா? அந்தம்மா என்னைப் பார்த்து, "முடுக்கு அவருக்குச் சொந்தம்னு நீங்களே எழுதியிருக்கீங்களேய்யா. உங்ககிட்ட வேற பத்திரம் எதுவும் இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாங்க. "பத்திரத்தை நம்பி நான் வரலம்மா, சட்டத்தை நம்பி வந்திருக்கேன்"னேன். கோர்ட்டே சிரிச்சுச்சு. என் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான்.

"இலவச சட்ட உதவி மையம் இந்தக் கட்டடத்துலயேதான் இருக்கு, ஒரு வக்கீலை வச்சுக்கிட்டு வாங்க"ன்னு அந்தம்மா சொன்னாங்க. வேணாம்னுட்டேன்.

தீர்ப்பு நம்பரெல்லாம் கையில வச்சிருந்தேன்ல! எழுமலையான் எதிர் கோமதியம்மாள்னு ஒரு கேஸு. நம்ம கேஸு மாதிரியே, அச்சு அசல். அதே நாலடி முடுக்கு, அதே கிழக்குப் பக்கம். நம்ம ஆளு எடுத்துக் குடுத்தது. எடுத்து விட்டேன் பாருங்க, அந்த வக்கீலு முழிச்ச முழியைப் பார்க்கணுமே. ஜட்ஜம்மா "தீர்ப்போட நகல் குடுங்க"ன்னாங்க. நகல் நம்மகிட்ட ஏது? தேடிப் பார்த்தாங்க, கம்ப்யூட்டர்ல தேடினாங்க, அப்படி ஒரு கேஸே இல்லைங்கறாங்க. வீட்டுக்கு வந்து நம்ம ஆளுகிட்ட கேட்டேன். அது அசரல. இன்னும் மூணு கேஸு குடுத்துச்சு. அடுத்த வாய்தாவுல அந்த மூணும் இல்லைன்னுட்டாங்க. இத்தனை பெரிய கோர்ட்டு, நாலு தீர்ப்பை ஒழுங்கா எடுத்து வைக்கத் துப்பில்ல. எங்க டெப்போவுல எந்த வருஷத்து டிரிப் ஷீட்டைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துப் போடுவேன்.

ஆவணி மாசம் தடை கேட்ட மனுவைத் தள்ளிட்டாங்க. நாலே நாள்ல சுவர் எந்திரிச்சிருச்சு. பின்கட்டு வாசல்ல இருந்து கையை நீட்டினா செங்கல் தட்டும். மூணு சக்கர வண்டி உள்ளயே நிக்குது.

அக்கா அழுதாளான்னா, இல்ல. அழல. தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாசம் அவளுக்குத் தூங்க நேரம் இருக்காது, அவ்வளவு ஜாக்கெட் வரும். இந்தத் தடவை எவளும் வரல. ரெண்டு பேரு முன்கட்டு வரைக்கும் வந்துட்டு, என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிட்டாங்க. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? உள்ள போங்கம்மான்னுதான் சொன்னேன். டிவி சத்தத்தைக்கூடக் குறைச்சேன்.

புரட்டாசி ஒண்ணாந்தேதி, "மதுரையில ராஜாத்தி வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வர்றேன்"னா. ராஜாத்தி அவகூடப் படிச்சவ, தையல் கடை வச்சிருக்கா. கடை தரையோட தரையா இருக்கும், படி கிடையாது. சரி போயிட்டு வான்னேன். ஆறு படி இறக்கணும்ல? பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கணும். எனக்கு இடுப்பு வலி. அந்த நேரம் பார்த்து நம்ம ஆளு அப்பீல் மனு வேற எழுதிக்கிட்டு இருந்துச்சு, பாதியில விட்டா மறந்துரும். ஆட்டோக்காரன் ஒரு பக்கம் பிடிச்சான். இன்னொரு பக்கம் யாரு பிடிச்சதுங்கறீங்க? செண்பகராஜ்! கடையைப் போட்டுட்டு ஓடி வந்து பிடிக்கிறான். முதல் நாள்தான் அக்கா அவன்கிட்டப் பத்திரத்தைக் காட்டியிருக்கா. "அக்கா, அந்தப் பத்திரத்தை முன்னாடியே எங்கிட்டக் காட்டியிருந்தா நான் சுவரே எடுத்திருக்க மாட்டேங்க்கா, சத்தியமா எனக்குத் தெரியாது"ன்னு கண்ணைக் கசக்குறான். என்ன நடிப்பு! தெருவே பார்க்குது. அக்கா மடியில டிரங்குப் பெட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போறா. துணிமணிகூட அவ்வளவா எடுத்துக்கல, அந்தப் பெட்டியை மட்டும் விடல.

போற வழியில ஆட்டோவை மங்களேஸ்வரி வீட்டு வாசல்ல நிறுத்திப் பத்திரத்தைக் காட்டியிருக்கா. அந்தம்மா ஆட்டோவுல உக்காந்தே படிச்சுப் பார்த்துட்டு, "முதல் நாளே இது என் கையில வந்திருந்தா ஒரே வாய்தாவுல தடை வாங்கியிருப்பேன். இப்ப உங்க ரெண்டு பேர் கையெழுத்தோட முடுக்கு அவருதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. இதைத் திருத்துறதுக்கே வருஷக்கணக்காகும்"னாங்களாம். இப்படித்தான் பயமுறுத்துவாங்க, அதுதானே இவங்க பிழைப்பு.

ஆனாலும் ஒரு சந்தேகம் வந்து, நம்ம ஆளுகிட்ட கேட்டேன். "ஏம்ப்பா, பத்திரம் கையில இருக்கும்போது எதிரிடை அனுபவம்னு கேட்டது தப்பா?" அண்ணாச்சி, அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. கிரயப் பத்திரம் இருக்கும்போது அவ்வாறு வாதிட்டிருக்கக் கூடாது. தவறுக்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." பார்த்தீங்களா? எந்த வக்கீல் மன்னிப்புக் கேப்பான்? எந்த ஜட்ஜு கேப்பாரு? பெரிய மனசு வேணும் அதுக்கு. எனக்கு நெஞ்சே நிறைஞ்சு போச்சு.

அக்காவுக்குப் போன் போட்டு அதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். முடிச்சதும், "அது கேட்டுருச்சு. சரி. நீ?"ன்னா.

"நான் என்ன?"ன்னேன். நான் எதுக்குக் கேக்கணும் அண்ணாச்சி? அந்தப் பிராதை நான் என்ன சொந்தமாவா எழுதினேன்? அந்தப் பக்கம் மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு, ராஜாத்தி தைச்சுக்கிட்டு இருந்திருப்பா. அப்புறம், "சனிக்கிழமை வர முடிஞ்சா என் மிஷின் தலையைக் கழட்டிக் கொண்டாந்துரு. அடியில மாட்டுற கட்டை ராஜாத்திகிட்ட இருக்கு, தலை மட்டும் போதும்"னு வச்சுட்டா.

அதான் இது. காரியாபட்டி வந்துருச்சா? பாருங்க, அஞ்சு நிமிஷம் லேட்டு. எங்க காலத்துல இது நடக்குமா?

அந்தக் காகிதத்தைக் குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக் கேட்டுச் சொல்றேன். மதுரை போறதுக்குள்ள பதில் வந்துரும். ஏன் பையைப் பொத்திக்கிறீங்க? நான் என்ன புடுங்கியா எடுக்கப் போறேன்? உங்க இஷ்டம். வக்கீல் வாசல்ல போய் உக்காருங்க, எனக்கென்ன.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியல. பத்து நாளைக்குன்னு போனவ. இன்னைக்கோட இருபத்தி மூணு நாள். ராஜாத்தி கடையில நாலு மிஷின் இருக்கு, அதுல கைமிஷினும் ஒண்ணு, அப்புறம் இவளுக்கு இவ மிஷின் எதுக்கு? என் சம்சாரம் ஸ்க்ரூவைக் கழட்டும்போது ஒரு மாதிரியா என்னையப் பார்க்கிறா.

பஸ் ஏறும்போது நம்ம ஆளுகிட்டயே கேட்டுட்டேன். ரெண்டு வினாடி. "தங்கள் சகோதரி தனக்குப் பழகிய இயந்திரத்தில் தைக்க விரும்பியிருக்கலாம். கவலை வேண்டாம், அவர் விரைவில் நிச்சயம் வீடு திரும்புவார்"னு சொல்லிருச்சு. கீழ தேடித் தேடிப் பார்த்தேன் அண்ணாச்சி, யாரையும் அணுகச் சொல்லி ஒரு வரிகூட இல்ல. அப்ப உறுதியாத்தானே சொல்லியிருக்கும்?